கை இறங்கும் வரை

ஒலிப்பதிவின்போது புஷ்ராவின் கை இறங்கும் வரை யாரும் எதையும் நிறுத்தக் கூடாது. மழை கொட்டினாலும் சரி, ஜீப் ஹாரன் அடித்தாலும் சரி. வாணியம்பாடித் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, காற்றையும் ஓடையையும் வைத்து இசையமைக்கிறேன் என்று ஜவ்வாது மலை ஏறியவள் அவள். வீட்டார் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவள் போட்ட ஒரே சட்டம் இந்தக் கைதான். ஹெட்போன் அவள் காதில் மட்டும் இருக்கும். மற்றவர்கள் அவள் கையைப் பார்ப்பார்கள்.

மற்றவர்கள் என்றால் இரண்டே பேர். புதூர்நாட்டுத் தேவயானி சாமைக் கொல்லையிலும் பாடுவாள், சென்னை மேடையிலும் பாடுவாள், இரண்டு இடத்திலும் ஒரே திமிர். முதல் வருஷம் புஷ்ராவை 'மேடம்' என்றவள், சேர்ந்து வேலை செய்யச் செய்ய 'அக்கா' என்றாள். இன்னொருவன் தேவயானியின் தம்பி வேடியப்பன். மைக் பிடிப்பான், பாறையில் ஏறித் தேனும் எடுப்பான்.

போன மாதம் அவன் தேன் எடுத்த அன்று புஷ்ரா கீழே நின்று ஒலியைப் பதிந்தாள். புகைக்குள் அடை அறுபட்டபோது மலைத்தேனீக்கள் போட்ட இரைச்சல் அவளை அப்புறம் தூங்கவிடவில்லை. அதை அதே பாறைக்குள் செலுத்தினால் என்ன? பாறையில் ஒட்டினால் பாறையையே அதிரவைக்கும் சின்ன ஸ்பீக்கர் அவளிடம் இருந்தது. பாறை ரீங்கரிக்கும், மீதி அடைகளில் இருக்கும் தேனீக்கள் பதில் சொல்லும், நடுவில் தேவயானியின் குரல். நினைத்தாலே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வேடியப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

"அதுங்க கோவத்துல கத்துனத அதுங்களுக்கே இன்னாத்துக்குக்கா போட்டுக் காட்டணும்?"

தேனீக்குக் காது கிடையாது என்று எங்கோ படித்ததைப் புஷ்ரா சொன்னாள். தேவயானி தம்பியைப் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்தாள். இரண்டு அக்காக்களும் ஒரே பக்கம் நின்றால் அவன்தான் என்ன செய்வான்? ஸ்பீக்கரைப் பாறையில் ஒட்டிவிட்டு, மைக்கோடு பாறை விளிம்பில் ஏறி, அடைகளுக்கு நேர் கீழே நின்றான்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தேவயானி பாறைக்கு முதுகைக் காட்டி, புஷ்ராவைப் பார்த்து நின்றாள். கை உயர்ந்தது. பாறை ரீங்கரித்தது. தேவயானி அடிக்குரலில் அந்தச் சுருதியைப் பிடித்தாள்.

முதலில் அடைகள் சும்மா இருந்தன. பிறகு ஹெட்போனில் இன்னொரு சத்தம் எழுந்தது. மெல்லிய சீறல், அடை மேல் அலை அலையாக ஓடியது. அது பதில் இல்லை, எச்சரிக்கை. சத்தத்தையே சோறாகத் தின்று வளர்ந்தவளுக்கு அதுகூடவா தெரியாது? சீறலின் சுருதி ஏறியது. யாரும் சொல்லாமலே தேவயானியும் கூட ஏறினாள். அப்படி ஓர் இசைவைப் புஷ்ரா ஆயுளில் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் என்று மனம் கெஞ்சியது. இன்னும் ஒரே ஒரு மூச்சு. வேடியப்பன் அண்ணாந்து அடையைப் பார்த்தான், பிறகு அவள் கையைப் பார்த்தான். கை மேலேயே நின்றது.

ஓர் அடை கறுப்புத் துணி மாதிரி அவிழ்ந்து அவன் மேல் இறங்கியது.

விளிம்பிலிருந்து விழுந்தவனைப் பெண்கள் இருவரும் கம்பளியைப் போர்த்தி இழுத்து வந்தார்கள். அவர்களையும் தேனீக்கள் கொட்டின, ஆனால் அவன் முகம் யாருடையது என்றே தெரியவில்லை. ஜீப் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியை எட்டும்போது மூச்சு இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் புஷ்ரா தேவயானியின் வாசலில் போய் நின்றாள். தேவயானி அழவில்லை, ஏசவும் இல்லை. அன்றைக்குப் பதிந்ததைப் போடச் சொல்லி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். புஷ்ரா தூக்குவதைப் போலவே வலது கையைத் தூக்கினாள். கண்ணை மூடிக் கேட்டாள். சீறல் தொடங்கிய இடத்தில் அந்தக் கை இறங்கியது. எந்த இடம் என்று புஷ்ராவுக்குக் கேட்காமலே தெரிந்தது.

"இங்கியே எறக்கி இருக்கலாமே மேடம்" என்றாள் தேவயானி.

ஹெட்போனைக் கழற்றிப் புஷ்ராவின் கையில் வைத்தாள். அதனுள் அவள் குரல் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.