நாற்பத்தேழாம் பக்கம்

சூசைமேரி மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். ஒரு கையில் சேலைக் கொசுவம். மறு கையில் கரகரவென்று இரைந்துகொண்டிருந்த வயர்லெஸ்.

"நீலா! ஏ நீலா! அந்தப் படகுப் புத்தகம் உன் கம்ப்யூட்டர்லதான இருக்கு? தொற! ஜல்தி!"

தீவின் ஜங்லிகாட் மீன் சந்தைக்கு மேலே, பன்னீர் டி.டி.பி. சென்டரில் தனியாக உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நீலாவதி, நாற்காலியோடு திரும்பினாள். கீழ்த்தளத்தில் மீனவர் சங்கம். சூசைமேரி அதன் செயலாளர். பதறி ஓடி வருகிற ஆளே இல்லை அவள்.

"என்னக்கா?"

"கிளமெண்டோட டிங்கிப் படகு. திட்டுல நிறுத்தியிருக்கானுவ. ஒரு ஆளு தண்ணியில எறங்கி கல்லு மீன மிதிச்சிட்டாரு. கால் வீங்குது. ஆஸ்பத்திரிக்கு நாலு தடவ அடிச்சிட்டேன், லைனே போவல. ஆம்புலன்சுக்கு ஆள அனுப்பியாச்சு. அவன் கரைக்கு வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும்!"

கல்லோடு கல்லாகக் கிடக்கும் மீன். முதுகில் வரிசையாக விஷ முட்கள். அதை மிதித்தவர்கள் வலியில் மயங்கிப்போன கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நீலாவதி.

வயர்லெஸ் வெடித்தது.

"அக்கா! கேக்குதா? ஓவர்!"

"கேக்குது, சொல்லு!"

"ஓவர் சொல்லுங்க அக்கா!"

"ஓவரும் ஆச்சு ஒண்ணும் ஆச்சு, சொல்லுலே!"

"புத்தகத்தப் பாத்துட்டோம். 'விஷ மீன் குத்தினால், பக்கம் 47'ன்னு முன்னாடி போட்டிருக்கு. 47ல துணியச் சுத்தி இறுக்கிக் கட்டுன்னு இருக்கு. கட்டிட்டோம். கட்டுனதுலேருந்து ஆளு இன்னும் ஜாஸ்தி கத்துதாரு! ஓவர்!"

நீலாவதி வயர்லெஸ்ஸைப் பார்த்தாள். புத்தகமா? படகில் ஏது புத்தகம்?

'கடலில் பாதுகாப்பு.' சங்கத்துக்காக இந்தக் கடையில் தயாராகும் கையேடு. திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. எல்லாப் படகுகளிலும் ஒன்று இருக்கப்போகிறது. அதன் மாதிரிப் பிரதி ஒன்றே ஒன்றுதான். காலையில் கடையைத் திறந்ததிலிருந்து அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அது எப்படி நடுக்கடலுக்குப் போனது?

யோசிக்க நேரமில்லை. வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள். "கிளமெண்ட் அண்ணே, நான் நீலா. 47ஆம் பக்கத்துல மேல என்ன தலைப்பு இருக்கு? ஓவர்!"

"தலைப்பே இல்ல. நேரா 'பின்பு துணியை'ன்னுதான் ஆரம்பிக்குது."

"முந்தின பக்கத்தத் திருப்புங்க!"

காற்றும் அலையும் இரைந்தன. அதற்குள்ளே யாரோ ஒருவரின் முனகல். பிறகு கிளமெண்டின் குரல், சுருதி இறங்கி:

"கடல் பாம்பு கடி... ஐயோ, இது பாம்புக்குள்ள வைத்தியம்!"

"அவிழ்த்துடுங்க! கட்ட உடனே அவிழ்த்துடுங்க!"

"அவரு விடமாட்டேங்காரு! புத்தகத்துல போட்டத மாத்தாதேன்னு கையப் புடிக்காரு!"

"யாருலே அது?" சூசைமேரி நீலாவதியின் தோளுக்கு மேல் குனிந்து கத்தினாள்.

கிளமெண்ட் குசுகுசுவென்று பேசினான்.

"பேரச் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்காரு அக்கா. கரைக்கு வந்து சொல்லுதேன். இப்ப என்ன செய்ய? சுடுதண்ணிங்கான் ஒருத்தன், ஐஸுங்கான் இன்னொருத்தன். ரெண்டும் படகுல இருக்கு. எத வைக்க? சரியான பக்கம் எது? அலையடிச்சுத் தாளெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிடக்கு, ஒவ்வொண்ணா பிரிக்க முடியல. நம்பரச் சொல்லுங்க! ஓவர்!"

நீலாவதி கையேட்டின் கோப்பைத் திறந்தாள். இருநூறு பக்கத்துக்கு மேல். முதல் பக்கத்தில் பொருளடக்கம், நேர்த்தியாக, வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் முதலாளி பன்னீர்செல்வத்தின் ஆள்காட்டி விரல் வைத்தவை. தலைப்பைத் தட்டுவார். புள்ளியை அழுத்திக்கொண்டே போவார். பக்கத்தைப் புரட்டி, கண்ணால் பார்த்து, எண்ணைத் தட்டுவார். தீவில் பாதி ஆபீஸ்களின் அறிக்கைகளுக்கு அவர்தான் பொருளடக்கம் போட்டிருக்கிறார். எல்லாமே இந்த முறையில்தான்.

"போன வாரம் எஞ்சின் பகுதிய முன்னாடி கொண்டு வரச் சொன்னீங்களேக்கா?"

"ஆமா, கமிட்டில சொன்னாங்க."

"அண்ணன் அதத் தூக்கி முன்னாடி போட்டுட்டாரு. பொருளடக்கத்துல எஞ்சின் நம்பர மட்டும் மாத்தியிருக்காரு. பின்னாடி எல்லாம் நகர்ந்துபோச்சு!"

"மாதாவே! அப்ப அந்த நம்பர் ஒண்ணுமே சரியில்லையா?"

நீலாவதி ஏற்கெனவே தேடல் பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தாள். 'விஷ மீன் குத்தினால்.' ஒரே ஒரு இடம் கிடைத்தது: பொருளடக்கமே! உள்ளே அந்தத் தலைப்பு இல்லை. பொருளடக்கத்தில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர். கையால் தட்டினால் இப்படித்தான் ஆகும். 'கல்மீன்' என்று தேடினாள். இல்லை. 'முள்' என்று தேடினாள். தூண்டில் முள், திசைகாட்டி முள், கடிகார முள், வலையில் சிக்கிய முள்... திரை முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது.

"உருட்டிப் பாரேன்!"

உருட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் படம். ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கிழட்டுக் கணினி நின்று மூச்சு வாங்கியது. இருபது பக்கம் தாண்டுவதற்குள் திரை உறைந்து நின்றது.

"அக்கா! வேர்க்குது அவருக்கு! சீக்கிரம்! ஓவர்!"

வழி இருந்தது. ஒரே வழி.

கணினியின் ஒரு மூலையில், 'சாம்பார் பொடி' என்று பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள், பன்னீர்செல்வம் கண்ணில் படாமல் நீலாவதி ஒளித்து வைத்திருந்த ஒரு டெம்ப்ளேட். மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டு வேளைகளில் செய்தது. தலைப்புக்கென்று ஒரு பாணி, துணைத்தலைப்புக்கென்று ஒரு பாணி, முன்பக்கத்தில் தானே தலைப்புகளைப் பொறுக்கி, தானே புள்ளி வைத்து, தானே எண் போடும் பொருளடக்கம். விஷயத்தை உள்ளே கொட்டினால் போதும்.

ஒரு முறை முதலாளியிடம் காட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"மெஷின் எண்ணுறத நம்பச் சொல்றியா? என் பொருளடக்கத்துல கை வச்சேன்னு வையி, மறுநாள் கடைப்பக்கம் வராத."

சொன்னால் செய்கிறவர் அவர். இந்த வேலை போனால் அவளுடைய டாலிகஞ்ச் வீட்டு வாடகைக்கு வேறு வழி கிடையாது.

போனை எடுத்து அவருக்கு அடித்தாள். சுவிட்ச் ஆஃப். பெரார்கஞ்சில் மச்சான் வீட்டு வளைகாப்பு, தொந்தரவு பண்ணாதே என்று நேற்றே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

"என்னளா யோசிக்க?"

"ஒண்ணுமில்லக்கா. வேலை போகப்போகுது."

'சாம்பார் பொடி'யைத் திறந்தாள்.

கையேட்டின் கோப்பில் பொருளடக்கத்தை விட்டுவிட்டு மிச்சம் முழுவதையும் நகலெடுத்து, டெம்ப்ளேட்டில் கொட்டினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சூசைமேரி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "அரே பாபா, சல் நா, சல்!" என்று கணினியை ஓடச் சொல்லி இந்தியில் கெஞ்சினாள், அதற்குத் தமிழ் புரியாது என்பதைப்போல.

வட்டம் நின்றது. எல்லாப் பக்கங்களும் வந்துவிட்டன!

நீலாவதி பொருளடக்கத்தில் சொடுக்கி, அதைப் புதுப்பிக்கும் எஃப்-நைன் விசையைத் தட்டினாள்.

ஒரே ஒரு வரி வந்தது.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணுமே இல்லைங்குது." நீலாவதி அந்த வரியை வாசித்தாள். "பொருளடக்கத்துல சேர்க்க எதுவும் கிடைக்கலைங்குது!"

"கண்ணு தெரியலையா அதுக்கு? தலைப்பெல்லாம் தடிதடியா தெரியுதே!"

தடிதடியாக! அங்கேதான் இருந்தது கோளாறு. பன்னீர்செல்வம் தலைப்பு போடும் விதம் அது. எழுத்தைப் பெரிதாக்குவார், தடிப்பாக்குவார், அவ்வளவுதான். மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. மெஷினுக்கு அது வெறும் குண்டு எழுத்து. இதுதான் தலைப்பு என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாகச் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது?

பன்னீர்செல்வத்திடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பிடிவாதம். எந்தத் தலைப்பானாலும் அதே அளவு, அதே தடிப்பு. ஒருநாளும் மாற்றமாட்டார்.

நீலாவதி கண்ணில் பட்ட முதல் தலைப்பில் சொடுக்கினாள். மேலே இருந்த பட்டியலைத் திறந்தாள். 'இதே வடிவில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடு.' தட்டினாள்.

புத்தகம் நெடுக, பக்கம் பக்கமாக, தலைப்புகள் மட்டும் சாம்பல் நிறத்தில் விழித்துக்கொண்டன.

"ஆ!" என்றாள் சூசைமேரி.

தலைப்புக்கான பாணி, 'ஹெடிங் ஒன்.' ஒரே சொடுக்கு.

எஃப்-நைன்.

வரிகள் பொலபொலவென்று கொட்டின! உயிர்காப்பு மிதவை. எஞ்சின் சூடேறினால். தீ. மழைமேகம் திரண்டால். கடல் பாம்பு கடி. புள்ளிகள் ஓடி ஓடி வலது ஓரத்தில் எண்ணைத் தொட்டு நின்றன. ஒரு புள்ளியைக்கூட யாரும் தட்டவில்லை.

இரண்டு பேரின் விரல்களும் ஒரே நேரத்தில் திரையில் குத்தின.

"அந்தா!"

'பாறைமீன் முள் ஏறினால்.' 63.

பொருளடக்கத்தில் ஒரு பெயர், உள்ளே 'பாறைமீன்'! கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வரியின் மேல் சொடுக்கினாள். கணினி ஒரே தாவலில் அந்தப் பக்கத்தில் போய் விழுந்தது.

"கிளமெண்ட் அண்ணே! அந்த முன்பக்கத்த நம்பாதீங்க, அது கையால தட்டுனது, நம்பரெல்லாம் தப்பு! நான் புதுசா எடுத்திருக்கேன். இத அப்படியே செய்யுங்க. கட்ட அவிழ்த்துடுங்க. இறுக்கிக் கட்டவே கூடாது. ஐஸ் வேண்டாம். சுடுதண்ணி! ஓவர்!"

"சுடுதண்ணியா? டீ போட அடுப்புல கொதிச்சுக்கிட்டு கெடக்கு!"

"கொதிக்கிறது கூடாது, கால் வெந்துடும்! பச்சத்தண்ணி கலந்து, முதல்ல நீங்க கைய விட்டுப் பாருங்க. பொறுக்கிற சூடா இருக்கணும். காலு முழுக்க அதுல முங்கணும். ஆறினா மறுபடி சுடுதண்ணி சேத்துக்குங்க. படகத் திருப்பிக்கிட்டே செய்யுங்க. டாக்டர் பாக்குற வரைக்கும் கால எடுக்க விடாதீங்க. ஓவர்!"

"அவரு ஒத்துக்கமாட்டேங்காரே! புத்தகத்துல..."

"இதுதான் புத்தகம்!" நீலாவதி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினாள். கீழே சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "முழுசா ஒரு ஆளு மேல உக்காந்தாவது கால உள்ள விடுங்க!"

"அத இப்பவே செய்யுதோம். ஓவர்!"

பாத்திரம் உருண்டது. யாரோ திட்டினார்கள். யாரோ, "புடி, புடி, ஜோர்ஸே, பலமா புடி!" என்றார்கள். ஓர் அலறல். எஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

சூசைமேரி சுவரோரம் நின்றபடி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த போனில் கடைசியில் ஆஸ்பத்திரி கிடைத்தது. டாக்டரிடம் மூச்சு விடாமல் ஒப்பித்தாள், கேட்டாள், தலையாட்டினாள்.

"சுடுதண்ணிதான் சரிங்காரு! கட்டாதேன்னும் சொல்லுதாரு. ஆம்புலன்ஸ் படகு ஜெட்டிக்குக் கெளம்பிட்டு! நீலா, உன் கையக் கொண்டா!" இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினாள்.

நீலாவதியின் கண் திரையை விட்டு நகரவில்லை. என்ன அழகாக வந்திருக்கிறது! எந்தப் பகுதியைத் தூக்கி எங்கே போட்டாலும் இனி ஒரே தட்டுதான். நாளை வேலை இருக்கிறதோ இல்லையோ, இது ஓடுகிறது!

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

"அக்கா, வலி கொஞ்சம் எறங்குதுங்காரு. முகத்துல களை திரும்பியிருக்கு. ஆங்... என்னது? இருங்க, அவரு பேசணுமாம்... வேண்டாம்ணே, காலத் தூக்காதீங்க... சரி, இந்தாங்க."

தடதடவென்று சத்தம். மூச்சிரைப்பு. பிறகு ஒரு குரல், வலியில் நைந்து, ஆனாலும் அதட்டல் போகாமல்.

"நீலாவதி! அந்த முன்பக்கத்துல யாரக் கேட்டுக் கை வச்ச?"

அவள் வாய் பிளந்தது.

"பதில் பேசு! மெஷினா எண்ணுச்சு?"

"ஆ... ஆமாண்ணே. டெம்ப்ளேட்."

எதிர்முனையில் வாளித் தண்ணீர் சலசலத்தது. சூசைமேரி கண்ணால் 'யாரு, யாரு' என்று கேட்டாள்.

"அந்த வெவரங்கெட்ட 47 நான் தட்டுனதுதான்," என்றது குரல். "சரி. நீ எடுத்ததையே திங்கட்கிழமை பிரஸ்ஸுக்கு அனுப்பு. பழையதத் தூக்கிக் கடாசு. அப்புறம்... நான் அந்தப் பிரதிய எடுத்துக்கிட்டுப் படகுல ஏறுனது எங்க வீட்டுக்குத் தெரியவேண்டாம். போன தடவ தூண்டி போடப் போனதுக்கே ஒரு வாரம் சோறு இல்ல. ஓவர்."

இணைப்பு அறுந்தது.

"யாருளா அது? ஒன்ன இந்த வெரட்டு வெரட்டுதான்!"

நீலாவதி சன்னலுக்கு வெளியே, மாடிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த கடையின் பெயர்ப் பலகையை மட்டும் கைநீட்டிக் காட்டினாள்.

"பெரார்கஞ்சுல வளைகாப்புச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற எங்க பன்னீர் அண்ணன்."