எலிசாள் டீச்சரின் பிரெயில் டிஸ்ப்ளே

அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த மழைமானியின் சின்ன சர்க்யூட் போர்டை ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, சுமந்த் அரை மணி நேரமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பானூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தமிழ்ப் பிரிவும் உள்ள ஒரு மலையாளப் பள்ளியில் அவன் இயற்பியல் ஆசிரியர். பள்ளியின் கம்ப்யூட்டர்களுக்கும் அவன்தான் பொறுப்பு. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான்.

போர்டு செருகப்பட்டிருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. ஆனால் அதனோடு பேசுவதற்கான வழி மட்டும் திறக்கவில்லை. முதலில் அனுமதிச் சிக்கல் என்று நினைத்தான். அந்த வழியைப் பயன்படுத்த உரிமையுள்ள பயனர் குழுவில் தன் பெயரைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்து பார்த்தான். பயனில்லை. கேபிளை மாற்றியும் பயனில்லை. கடைசியில் சிஸ்டத்தின் பதிவேட்டைத் திறந்தபோது விஷயம் தெரிந்தது. வழி திறந்த மறுநொடியே பிஆர்எல்டிடிஒய் என்ற ஒரு புரோகிராம் அதைப் பிடுங்கிக்கொண்டுவிடுகிறது.

அந்தப் பெயரை இணையத்தில் தேடினான். ஒரு மன்றத்தில் யாரோ பதில் எழுதியிருந்தார்: 'நீங்கள் பிரெயில் கருவி எதுவும் பயன்படுத்தவில்லை என்றால், இந்தப் புரோகிராமை நீக்கிவிடுங்கள்.' கீழேயே ஒற்றை வரிக் கட்டளை. வாக்கியத்தின் முதல் பாதியின் மேல் அவன் கண் ஓடியது, நிற்கவில்லை. கட்டளையை நகலெடுத்து ஒட்டி, பாஸ்வேர்டைக் கொடுத்தான். போர்டின் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதே கம்ப்யூட்டரில்தான் தினமும் காலையில் எலிசாள் டீச்சர் உட்காருவார். பாறசாலைப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிற தமிழாசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லை. பையிலிருந்து ஒரு நீளப் பட்டை போன்ற பிரெயில் டிஸ்ப்ளேயை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகுவார். திரையில் உள்ள வரி அந்தப் பட்டையில் புள்ளிகளாக எழும்; விரல்களை ஓட்டிப் படிப்பார். கம்ப்யூட்டர் குரலிலும் வாசித்துச் சொல்லும். ஆனால் குரலில் ரகரமும் றகரமும் ஒன்றுபோலத்தான் கேட்கும். டீச்சர் பயன்படுத்தும் கீபோர்டில் இரண்டுக்கும் ஒரே விசை, ஷிஃப்ட் அழுத்துவதில்தான் வித்தியாசம். அந்த ஷிஃப்டோ சில நேரம் ஒட்டும், சில நேரம் விழாது. விரல்தான் பிழையைப் பிடிக்கும்.

கண்காட்சி நன்றாக நடந்தது. மழைமானிக்கு இரண்டாம் பரிசு.

அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு. ஏழாம் வகுப்புத் தமிழ்த் தாள் எலிசாள் டீச்சர் தயாரித்தது. தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே மூத்த தமிழாசிரியர் அழகியநம்பி தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை ஜெஸியின் அறைக்குப் போனார். மாலையில் எல்லா ஆசிரியர்களையும் கூப்பிட்டார்கள்.

"அறம் செய்து வாழ்வதால் வரும் நன்மை என்னன்னு கேக்கணும். இதுல அரம் செய்துன்னு வந்திருக்கு" என்றார் அழகியநம்பி. "ஒரு பையன் எழுதியிருக்கான், அரம் செஞ்சா சாலை மார்க்கெட்ல இரும்புக் கடைக்கு விக்கலாம்னு."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சுமந்தும் சிரித்தான்.

"பறவைய பரவைன்னு போட்டிருக்கு. மொத்தம் ஏழு தப்பு."

எலிசாள் டீச்சர் எழுந்து நின்றார். "பிரெயில் டிஸ்ப்ளே ஒரு வாரமா ஒரு அனக்கமும் இல்ல டீச்சர். எல்லாரும் கண்காட்சி அவசரத்துல இருந்தாங்க, அதான் யாரையும் விளிக்கல்ல. குரல வெச்சே பாத்து அனுப்பிட்டேன். என் தப்புதான்."

"பரவாயில்ல" என்றார் ஜெஸி டீச்சர். "இனிமே உங்க பேப்பர் பிரிண்டுக்குப் போறதுக்கு முன்ன நம்பி சார் பாத்திரட்டும். அது சேஃப் அல்லே?"

எலிசாள் டீச்சர் தலையாட்டினார். பதினோரு வருடமாக அவர் தாள்களை யாரும் திருத்தியதில்லை.

ஒரு வாரமாக. அந்தச் சொல் காதில் விழுந்ததுமே சுமந்துக்குச் சிரிப்பு வற்றிப் போனது. கூட்டம் முடிந்ததும் டீச்சர் அவனைத் தேடி வந்தார்.

"சாரே, ஒண்ணு பாக்கணுமே. நான் தெரியாம வல்லதும் கேபிளப் பிடிச்சு இழுத்துட்டனோ என்னமோ."

அவன் உட்கார்ந்தான். பார்க்க எதுவும் இல்லை. நீக்கிய புரோகிராமை மறுபடி நிறுவினான். பட்டையில் புள்ளிகள் குபுக்கென்று எழுந்தன. அவன் போர்டின் சிப்பும் ஏதோ ஒரு வகை பிரெயில் கருவியும் ஒரே அடையாள எண்ணைப் பயன்படுத்துகின்றன. அதனால்தான் புரோகிராம் ஏமாந்து போர்டைப் பிடுங்கியிருக்கிறது. டீச்சருடைய கருவியின் எண் வேறு. சிக்கல் தரும் அந்த ஓர் எண்ணுக்குரிய வரியை மட்டும் புரோகிராமின் பட்டியலிலிருந்து விலக்கினால் இரண்டும் வேலை செய்யும். செய்தான். இருபது நிமிடம் ஆனது. அன்றைக்கே செய்திருக்கலாம்.

"என்ன ஆச்சு சாரே?"

"லூஸ் கனெக்‌ஷன், டீச்சர்" என்றான்.

வாய் தானாகவே சொல்லிவிட்டது. டீச்சர் சிரித்து, "நான்தான் அப்போ" என்றார்.

மறுநாள் அந்தக் கேபிள் முனையில் டீச்சர் கறுப்பு டேப் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். டீச்சர் அதைப் பச்சைப் பிள்ளையின் கையைப் பிடிப்பது போல் பைய எடுத்து, பைய செருகினார். எழுந்து போகும்போது ஒரு கையால் கேபிளைப் பொத்திக்கொண்டார். சுமந்த் எதிர் மேசையில் விடைத்தாளைத் திருத்த முயன்றான். ஒரே பக்கத்துக்கு இரண்டு முறை மதிப்பெண் போட்டான். அடுத்த நாளும் டேப், அதற்கடுத்த நாளும் டேப். பிழை செய்ததைவிட, அந்த அறையில் தானும் சிரித்ததுதான் அவனை அதிகம் அறுத்தது.

ஆறாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"டீச்சர், அது லூஸ் கனெக்‌ஷன் இல்ல. அந்தப் புரோகிராமைக் கழட்டினது நான்தான். மழைமானிக்காக. பிரெயில் இல்லாதவாதான் கழட்டணும்னு எழுதியிருந்தது. நான் சரியாப் படிக்கல."

டீச்சரின் விரல்கள் பட்டையின் மேல் நின்றன. "என்னைக்குத் தெரிஞ்சுது சாருக்கு?"

"மீட்டிங் அன்னிக்கு."

"ஆறு நாளு." கேபிள் முனையின் டேப்பைத் தடவிப் பார்த்தார். "தெரியாமச் செஞ்சத விட்டிரலாம் சாரே. லூஸ்னு சொன்னீங்களே, அதக் கேட்டு நான் வீட்டுல போயி, எனக்குக் கை நிதானம் போச்சான்னு இருந்து ஆலோசிச்சேன்."

"மன்னிச்சிடுங்கோ டீச்சர்."

"எங்கிட்ட மட்டும் சொன்னா போதாது. அண்ணைக்கு எத்தன பேரு முன்ன நான் எழும்பி நின்னேனோ, அத்தன பேரு முன்னயும் சொல்லணும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சுமந்த் எழுந்து சொன்னான். நடந்ததை வரிசையாக, தான் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

ஜெஸி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "இத அப்பவே சொல்லியிருக்கலாம், சுமந்த் சார். சரி, ஆனா பேப்பர் பாக்குற ஏற்பாடு ஆபீஸ்ல எழுதியாச்சு. இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் நஷ்டமில்லல்லோ?"

"இருக்கட்டும் டீச்சர்" என்றார் எலிசாள். "ஆனா எல்லாருக்க பேப்பரும் அப்படியே இன்னொருத்தர் பாத்துப் போகட்டும். நம்பி சாரோடத நான் பாக்கேன்."

ஜெஸி டீச்சர் யோசித்து, அப்படியே எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எலிசாள் டீச்சர் அவனிடம் பேசினார். காலையில் வணக்கம் சொன்னார், அவன் மகளுக்குக் காய்ச்சல் என்றபோது விசாரித்தார். ஆனால் கம்ப்யூட்டரில் ஏதாவது சந்தேகம் வந்தால் மலையாளம் எடுக்கும் ஸ்மிதா டீச்சரைத்தான் கூப்பிட்டார். சுமந்த் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். எழுந்து போய் உதவத் துணிச்சல் வரவில்லை.

ஜனவரியில் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் புது அப்டேட் போடவேண்டி வந்தது. மற்றவற்றை முடித்துவிட்டு அந்த மேசைக்கு வந்து நின்றான்.

"டீச்சர், ஒரு அப்டேட் இருக்கு. சிலது மாறும், சிலது போகும். போடலாமா?"

"என்னெல்லாம் போகும்?"

அவன் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தான். டீச்சர் பட்டையில் விரல்களை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மணி அடித்தது. அடுத்த வகுப்பு அவனுக்கு. இருந்தும் அசையாமல் நின்றான். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்து, டீச்சர் கையை எடுத்தார்.

"போடுங்க சாரே."