மறுபடியும் வாய்ப்பளியுங்கள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவே இல்லை. சுங்கைப்பட்டாணி சிறுவணிகர் சங்கத்தின் செயலாளர் பிரேமாவதி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'சமூக ஊடகம் வழியாக வணிக உறவை வளர்ப்பது எப்படி?' மறுக்க முடியாது. பிரேமாவதியிடம் மாட்டேன் என்று சொல்லிப் பிழைத்தவர் யாரும் இந்தப் பக்கத்தில் இல்லை.

ஆரம்பித்தேன். 'முதல் குறிப்பு: வாடிக்கையாளர் கேட்ட உடனே பதில் போய்ச் சேர வேண்டும். காத்திருக்கும் வாடிக்கையாளர் அடுத்த கடையைத் தேடி...'

வாக்கியம் அங்கேயே நிற்கிறது பாருங்கள். கைபேசி கிணுகிணுத்தது. எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டிருந்தார்கள். பூக்கடை ஒன்றுக்கு ஒருவர் அனுப்பிய செய்தி: 'அம்மா இறந்துட்டாங்க. பெரிய ரோஜா மாலை ஒண்ணு வேணும். வீடு பெண்டாங்ல.' அதற்குக் கீழே, அதே நிமிடத்தில், கடையின் பதில்: 'வணக்கம்! உங்கள் வீட்டு விசேஷம் எங்கள் வீட்டு விசேஷம்! எங்களுக்கு மறுபடியும் மறுபடியும் வாய்ப்பளியுங்கள்!'

உடனே போய்ச் சேர்ந்த பதில்தான். என் முதல் குறிப்பை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. அதற்குமேல் கட்டுரை நகரவில்லை.

2.

கடையின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். அதை நடத்தும் மனுஷியை நானே உண்டாக்கினேன். பெயர் உமாராணி. அறிமுகம் இப்படித் தொடங்கியது: 'விடியற்காலைப் பனியில் ரப்பர் மரங்கள் வரிசையாக...'

(வேண்டாம். கெடா மாநிலக் கதை என்றால் ரப்பர் மரம் வந்துதான் ஆகவேண்டுமா? உமாராணி ஒருநாளும் பால் மரம் சீவியதில்லை.)

மறுபடி. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுச் சிப்பு சோதித்துக்கொண்டிருந்தாள் உமாராணி. ஆட்குறைப்பில் வேலை போனதும் மெர்போக்கில் வீட்டு முன்கூடத்திலேயே மாலை கட்ட ஆரம்பித்தாள். கடையும் இல்லை, போர்டும் இல்லை. இருந்ததெல்லாம் 'உமா மலர்கள்' என்ற ஃபேஸ்புக் பக்கமும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும்தான். காலையில் கைபேசியைச் சர்க்கரை டின்மேல் சாய்த்து வைத்து, கட்டிக்கொண்டே நேரலையில் பேசுவாள். "வாங்கண்ணே, வாங்கக்கா, யாரு வந்திருக்கீங்க? ஒரு பதில் போடுங்க!" வந்தவரின் பேர் சொல்லி, ஊர் கேட்டு, பிள்ளைக்குப் பரீட்சை முடிந்ததா என்பதுவரை விசாரிப்பாள். அப்படிப் பிடித்த வாடிக்கைதான் அத்தனையும்.

வாடிக்கை பெருகவே பதில் போடக் கை போதவில்லை. இணைய வகுப்பு ஒன்றில் தானாகப் பதில் போகும் வசதியைச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாணத்தை மனத்தில் வைத்து நாலு நல்ல வார்த்தை எழுதிப் போட்டாள். அப்புறம் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனாள். பூ வாங்கும் வீடெல்லாம் கல்யாண வீடு என்று எந்தப் பூக்காரியாவது நினைப்பாளா? கட்டும்போது நினைக்க மாட்டாள். எழுதும்போது நினைத்துவிட்டாள். தப்பு அவ்வளவுதான்.

பெண்டாங் செய்தியைப் பார்த்ததும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு மாலையைக் கட்டி அனுப்பினாள். தனக்கு முன்னால் இயந்திரம் பதில் சொல்லிவிட்டது அவள் கண்ணில் படவில்லை. மறுநாள் ஊரே அதைப் படித்துச் சிரித்தது.

3.

ஜானிஸ் என்றொருத்தி வருகிறாள். சுங்கைப்பட்டாணியில் கல்யாண மேடை ஜோடனை செய்பவள். உமாராணியின் நேரலையைப் பார்த்துத்தான் பழக்கம். இந்த வருடத்துக் கல்யாண மாலையெல்லாம் உமாராணிக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அது கைகூடினால் மறுபடி வேலை கேட்டுக் கிலாங் வாசலில், தொழிற்சாலை வாசலில், போய் நிற்க வேண்டியதில்லை. கைகூடாவிட்டால் நிற்க வேண்டியதுதான்.

ஜானிஸின் குரல்செய்தி: "அக்கா, கோவிச்சுக்காதீங்கலா. பொண்ணு வீட்டுக்காரங்க அந்த ஃபோட்டோவக் காட்டி, சாவு வீட்டுல மறுபடியும் வாய்ப்பு குடுன்னு கேட்ட கையால எங்க பொண்ணுக்கு மாலையான்னு கேக்கிறாங்க. நான் என்ன சொல்றது, சொல்லுங்க?"

நாத்தனார் ஷீலாவிடம் ஒரு யோசனை இருந்தது. "அழுது ஒரு வீடியோ போட்ருங்க அண்ணி. சாரி கேட்டு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நல்லா ஓடும்."

"ஓடி? நான் நோகடிச்சது அந்த ஒரு வீட்டை. ஊருக்கு முன்னாடி அழுதா அந்த வீட்டுக்கு என்ன வந்துச்சு?"

"அப்ப பக்கத்தை மூடிட்டு வேற பேர்ல ஆரம்பிங்க."

"ஏன், நான் என்ன திருடிட்டா ஓடுறேன்? அங்கயே போறேன்."

"கூப்பிடாத வீட்டுக்கா?"

"கூப்பிட்டுப் போறதுக்கு அது என்ன கல்யாண வீடா?"

துக்க வீட்டுக்கு யாரும் அழைப்பு எதிர்பார்த்துப் போவதில்லை. அந்த வழக்கத்தைத்தான் உமாராணி பிடித்துக்கொண்டாள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவள் துக்கம் கேட்கப் போகிறாளா, வியாபாரத்தைக் காப்பாற்றப் போகிறாளா? இரண்டு நாள் இதிலேயே சிக்கிக் கிடந்தேன். உமாராணியை நல்லவளாக்கினால் கதை பொய்யாகிறது, கெட்டிக்காரியாக்கினால் எனக்கே அவளைப் பிடிக்காமல் போகிறது. கடைசியில் அவளையே காடியில், அவளுடைய பழைய காரில், ஏற்றி அனுப்பிவைத்தேன். போய்ச் சொல்லட்டும்.)

4.

கருமாதிக்கு முதல் நாள். கூடையில் உதிரி ரோஜா, வாழைநார். பெண்டாங் வயல்களுக்கு நடுவே பழைய காடியை ஓட்டிக்கொண்டு போனாள். வீட்டு வாசலில், அந்தச் செய்தியை அனுப்பிய சத்தியசீலனின் மனைவி யோகேஸ்வரி யார் என்று கேட்கவில்லை. துக்க வீட்டில் கேட்க மாட்டார்கள். உள்ளே வரச்சொல்லிக் கோப்பி கலக்கப் போனாள்.

இறந்துபோன அம்மா மருதம்மாளின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. உமாராணி தரையில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினாள். பாதி மாலையில் சத்தியசீலன் வந்தார். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர், கனத்த ஆள். அவள் விரல் போகும் வேகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"நீங்க... அந்தப் பூக்கடையா?"

"ஆமாண்ணே. உமாராணி."

"ஆர்டர் போயிருச்சுன்னு வந்தீங்களா?"

அவள் கை நிற்கவில்லை. "போயிருச்சுண்ணே. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அதுக்கு மட்டும் வரல. நீங்க மெசேஜ் போட்ட நேரத்தைப் பார்த்தேன், விடியக்கூட இல்ல. அப்ப உங்க சொந்தக்காரங்களுக்கே விஷயம் போயிருக்காது. அம்மா போயிட்டாங்கன்னு மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கீங்க. அதுக்கு மெஷின் பதில் சொல்லிருச்சு. நான் சொல்லல. அதான் வந்தேன்."

சத்தியசீலன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு குரல் உடைந்தது.

"மறுபடியும் மறுபடியும்னு போட்டிருந்துச்சு. எனக்கு இருந்தது ஒரே அம்மாதானே? படிச்சதும் வயிறு எரிஞ்சுச்சு. ஆத்திரத்துல தூக்கி ஃபேஸ்புக் குரூப்ல போட்டேன். இப்படிச் சிரிப்பாங்கன்னு நினைக்கலைலா. என் அம்மா செத்ததுக்கும் சேர்த்துல்ல சிரிக்கிறாங்க."

உமாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்த கை பட்டுப் பூ ஈரமாகும் என்று துடைக்கவில்லை. மாலையை முடிந்து அவரிடம் கொடுத்தாள். அவர் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அதைப் போட்டார்.

"அன்னிக்கு வந்த மாலையும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார், படத்தைப் பார்த்துக்கொண்டே.

கோப்பியைக் குடித்தாள். எழுந்தாள். எத்தனையோ நேரலைகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை தொண்டைவரை வந்தது: போயிட்டு வரேன், மறுபடி பார்க்கலாம். துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் போக வேண்டும். விழுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். சத்தியசீலனும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் மனசு லேசாகியிருந்தது.

5.

பிரேமாவதி இதுவரை படித்துவிட்டு அழைத்தார். "கட்டுரை கேட்டா கதை குடுக்கிறீங்க. சரி, போகட்டும். முடிவை நல்லபடியா முடிச்சிருங்க சார். வணிகர்களுக்கு நம்பிக்கை வேணும்."

நல்லபடியான முடிவு: சத்தியசீலன் அன்றைக்கே அந்தப் பதிவைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். ஜானிஸ் அழைத்து, 'அக்கா, மாலையெல்லாம் உங்களுக்குத்தான்' என்று...

எடுத்தது நிஜம். மீதி நடக்கவில்லை. ஜானிஸ் அனுப்பியது இதுதான்: "பெண்டாங் அண்ணே எடுத்துட்டாரு அக்கா. ஆனா அது இன்னும் குரூப் குரூப்பா சுத்துது. அது நிக்கட்டும், அப்புறம் பேசுவோம்."

சோகமான முடிவு: உமாராணி பக்கத்தை மூடிவிட்டுக் கிலாங்கில் வேலைக்கு மனு...

இதை எழுதினேன். அவள் போகவில்லை. தள்ளிப் பார்த்தேன், நகர மாட்டேன் என்கிறாள். தானியங்கிப் பதிலை அணைத்துவிட்டாளாம். எத்தனை பேர் வந்தாலும் இனி அவள் கையாலேயே பதிலாம். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லையாம்.

6.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. சத்தியசீலனிடமும் இல்லை, அவர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டார். அது உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் கைபேசியை மேலே தள்ளிப் பாருங்கள். வாழைப்பழ அப்பச் செய்முறைக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் அந்த ஸ்கிரீன்ஷாட் படம் இருக்கும். கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருப்பீர்கள். இன்னொரு குழுவுக்கும் தள்ளிவிட்டிருப்பீர்கள். அந்தக் குழுவில்தான் ஒரு பெண்ணைப் பெற்றவர் கல்யாண மாலைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

அவர் படத்தைப் பார்த்துவிட்டார். அவள் பெண்டாங் போனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொல்ல மாட்டாள். துக்க வீட்டுக்குப் போனதை ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு வியாபாரம் செய்கிறவள் இல்லை அவள்.

இப்போது காலை. மெர்போக்கில் சர்க்கரை டின்மேல் கைபேசி சாய்ந்திருக்கிறது. மல்லிகைச் சரம் ஓடுகிறது. முன்பு திருவிழாக் கூட்டம் கூடிய நேரலையில் இன்றைக்குப் பார்ப்பவர் ஒரே ஒருவர். பெயர் தெரியவில்லை. அந்த ஒருவருக்காக அவள் குரலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

"வாங்கண்ணே, வாங்கக்கா! யாரு வந்திருக்கீங்க? ஒரு பதில் போடுங்க!"

உங்களைத்தான் கேட்கிறாள்.