சம்பந்தி வீட்டுக்குப் போன மாடு

தங்கராஜு தாசேக் கெலுகோரில் என்ன வேலை பார்க்கிறார் என்பது எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் லிஃப்டுக்குக்கூடத் தெரியும். அவர் இறங்கிப்போன பிறகும் செம்பனைப் புண்ணாக்கு வாசம் வெகுநேரம் அதற்குள் நிற்கும். மாடுகளைக் கொட்டகையில் அடைத்து, தீனி போட்டுக் கொழுக்க வைத்து, எடை ஏறியதும் அறுப்புக்கு அனுப்புகிற ஃபீட்லோட் அது. அவர் அங்கே சூப்பர்வைசர். ஒரு துண்டு மாட்டிறைச்சி வாயில் வைத்தவரில்லை. வெள்ளிக்கிழமையென்றால் முட்டைகூடக் கிடையாது. ஆனாலும் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளுக்கு இறைச்சி எப்போது வாங்கலாம், எப்போது வாங்கக் கூடாது என்று சொல்கிறவர் அவர்தான்.

போன வருஷம் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"வெரோனிக்கா அக்கா, இந்த மாசமே வாங்கி ஃபிரீசர்ல போட்டு வெச்சிக்கங்க."

"பாசார்லதான் மலை மாதிரி கெடக்குதே தம்பி. வெலையும் எறங்கியிருக்கு. என்ன அவசரம்?"

"அதனாலதான் சொல்றேன். கப்பல் மாடு வெலை ஏறிப்போச்சு. தாய்லாந்து பக்கம் நோய்னு நிப்பாட்டிட்டாங்க. உள்ள வர்றது கொறைவு, இருக்கிறதெல்லாம் அறுப்புக்குப் போவுது. மாடு கொறையறப்ப மொதல்ல எறைச்சி கூடும் அக்கா. அப்புறம்தான் காயும்."

நான் வாங்கவில்லை. தங்கராஜு எதையும் அடித்துச் சொல்கிற ஆள். அவர் இப்படி அடித்துச் சொன்ன லாட்டரி நம்பர் ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை.

அவருடைய ஒரே மகள் பிரமிளாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே வேலை பார்க்கும் கிஷனை அவளுக்குப் பிடித்துவிட்டது. கிஷன் நல்ல பையன்தான். அவன் அம்மா காமினிதான் விஷயம். பட்டர்வொர்த்தில் ஒரு கோயிலின் மகளிர் பிரிவுப் பொருளாளர், சுத்த சைவம். கணவர் காலமான பிறகு அவர் விட்டுப்போன 'ஷிப்பிங்' வியாபாரத்தைத் தனியாளாக நடத்துகிறார். மூத்த மகனுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தை, பெண்ணின் தாய்மாமன் இறைச்சியைக் குச்சியில் கோர்த்துச் சுட்டு விற்கும் சாத்தே கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்து நிறுத்தியவர். கோழி சாத்தேதான் அதிகம், மாடு கொஞ்சம்தான் என்று பெண் வீட்டார் கெஞ்சிப் பார்த்தார்களாம். நடக்கவில்லை.

காமினி பெண் பார்க்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். தங்கராஜுவின் மனைவி ருக்குமணி என்னுடைய நல்ல கோப்பைகளை இரவல் கேட்டிருந்தாள். கோப்பை எங்கே போகிறதோ அங்கே நானும் போய்விடுவது வழக்கம்.

"அண்ணே எங்க வேலை செய்றாரு?" என்று கேட்டார் காமினி.

தங்கராஜு வாயைத் திறப்பதற்குள் ருக்குமணி முந்திக்கொண்டாள். "பால் பண்ணைல சூப்பர்வைசர்ங்க. தாசேக் கெலுகோர்ல."

தங்கராஜு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"புண்ணியமான வேலை. இப்ப எத்தனை உருப்படி நிக்குது?"

"முன்ன மாதிரி இல்லீங்க. பாதிக் கொட்டகை காலி."

"ஆமா, எல்லாப் பக்கமும் அதே கததான்," என்று காமினி பெருமூச்சு விட்டார்.

பால் பண்ணை என்றதும் சாதாரண மனிதர்கள் எத்தனை லிட்டர் கறக்கிறது என்றுதான் கேட்பார்கள். நான் அதைக் கவனித்தேன். ருக்குமணி பலகாரத் தட்டைக் கவனித்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடியும் நேரத்தில் காமினி ஒரு பேச்சை எடுத்தார். "அடுத்த மாசம் சுங்கை டுவாவுல புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம். ஐயரு கோபூஜை வெச்சே ஆகணும்ங்கிறாரு. வழக்கமா மாடு கொண்டாறவரு எல்லாத்தையும் வித்துட்டாராம். நம்ம சம்பந்தி வீட்டுலேர்ந்தே பசுவும் கன்னும் வந்தா எவ்வளவு நல்லாருக்கும்! அன்னைக்கே கல்யாணத் தேதியும் குறிச்சிடலாம்."

"அதுக்கென்னங்க? கன்னோட அனுப்பி வெக்கிறோம்," என்றாள் ருக்குமணி.

தங்கராஜுவின் கொட்டகையில் அன்றைக்கு நின்றது அத்தனையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த திமில் வைத்த காளைகள்.

காமினியின் காடி கிளம்பிய சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து தங்கராஜு ஆரம்பித்தார். "ஏன்டி, காளைகிட்டப் போய் கன்னு கேக்கச் சொல்றியா?"

"பின்ன, அறுக்கிற எடத்துல வேலைன்னு சொல்லச் சொல்றீங்களா? சாத்தேக்கே நிப்பாட்டினவங்க!"

"உண்மையச் சொல்லிடலாம்பா," என்றாள் பிரமிளா.

"கிஷனுக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டுமல்லவா?

"தெரியும் ஆன்ட்டி. ஆனா அவங்க அம்மா முன்னாடி அவனுக்கு வாயே வராது. அவங்க வேணாம்னு சொல்லிட்டா அவன் தாலி கட்ட மாட்டான். வேற பொண்ணும் பாக்க மாட்டான். இப்படியே உக்காந்திருப்பான்."

அதைச் சொல்லிவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரங்களில் நடந்ததைத் தெரிந்துகொள்ள நான் பெரிதாகச் சிரமப்படவில்லை. தங்கராஜு கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரிக்கு அதனால் எவ்வளவோ வேலை மிச்சம்.

கொட்டகையை நடத்துவது ரொஸ்னா. அப்பாவிடமிருந்து தொழிலை எடுத்துக்கொண்ட இந்திய முஸ்லிம் பெண். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். காளை வரத்து குறைந்ததும் தொட்டி வெறுமனே கிடக்க வேண்டாமென்று, பால் பண்ணைக்காரர்கள் கழித்துவிட்ட பசு, தோட்டத்துப் பசு என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி அடைத்தாள். வேறு நாளாயிருந்தால் தங்கராஜு துக்கம் கொண்டாடியிருப்பார். பொட்டை மாடு கொட்டகைக்குள் வர ஆரம்பித்தால் அடுத்த வருஷத்துக் கன்றையும் சேர்த்து இப்போதே வெட்டுகிறோம் என்று அர்த்தமாம். பிறகு எண்ணிக்கை எங்கிருந்து கூடும்? ஆனால் அன்றைக்கு அவர் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வந்த பசுக்களில் ஒரு செவலை, வாங்கும்போது யாரும் கவனிக்காத சினையோடு வந்து, கொட்டகையிலேயே கன்று போட்டுவிட்டதாம். அந்த வருஷம் முழுக்க அங்கே தானாகக் கூடின உருப்படி அது ஒன்றுதான்.

"கொண்டு போ," என்றது ஸ்பீக்கரில் ரொஸ்னாவின் குரல். "ஆனா காது டேக்கைக் கழட்டாதே. சாயங்காலம் மாடு இங்க இருக்கணும். தீனி தின்னு நல்லா எடை ஏறியிருக்கு. அடுத்த லோரியில அனுப்பணும்லா."

பால் காய்ச்சுகிற அன்று ருக்குமணியின் வேனில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. கேட்டால்தானே கிடைக்கும். செவலை எங்களுக்கு முன்னால் லோரியில் போயிற்று. கொம்பில் மஞ்சள், கழுத்தில் மாலை. காதில் தொங்கிய டேக்கை மறைக்க இரண்டு பக்கமும் செவ்வந்திச் சரம். இந்தக் கல்யாணப் பேச்சில் பிரமிளாவைக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணிப் பார்த்ததில்லை.

மாடும் சொன்ன பேச்சுக் கேட்டது. புது மொசைக் தரையில் கால் வழுக்காமல் நடந்தது, கூடத்தில் மூத்திரம் பெய்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மகளிர் பிரிவுப் பெண்கள், பசு என்றால் இப்படியல்லவா மதமதவென்று இருக்க வேண்டும் என்று வியந்தார்கள். தங்கராஜு வியர்வையைத் துடைத்தார். ஐயர் மந்திரம் சொல்லி, பசுவின் பின்பக்கத்தில்தான் லட்சுமி குடியிருக்கிறாள், வீட்டு அம்மா அங்கே மஞ்சள் குங்குமம் வைக்கலாம் என்றார்.

காமினி முன்னால் வந்தார். வாலடியில் மஞ்சளைத் தடவினார், குங்குமத்தை வைத்தார். கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கட்டைவிரல் வாலின் பக்கவாட்டில் ஒரு தரம் அழுந்தியது. கொஞ்சம் தள்ளி இடுப்பெலும்பின் மேல் மறுபடி அழுந்தியது. மாட்டு வியாபாரிகள் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க இப்படித்தான் அமுக்குவார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். தங்கராஜுவுக்கு அப்போதே தெரியும். அவர் காமினியைப் பார்த்தார், காமினி அவரைப் பார்த்தார். ஐயர் கற்பூரம் கேட்டார்.

சாப்பாட்டுக்கு முன்னால் இருவரும் பின்பக்கம் மாட்டைக் கட்டியிருந்த இடத்தில் நின்றார்கள். நான் அங்கே குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் கழுவச் சொல்லவில்லை.

"அண்ணே, பால் மாட்டுக்கு வாலடியில இவ்வளவு கொழுப்பு வராது," என்றார் காமினி.

தங்கராஜு கன்றின் கயிற்றைச் சரிபார்த்தார். கயிறு சரியாகத்தான் இருந்தது. "குங்குமம் வெக்கிறவங்க கட்டைவிரலால அமுக்கிப் பாக்கவும் மாட்டாங்க, சம்பந்தியம்மா."

மாடு, வாசலில் கட்டக் கொண்டுவந்து மிஞ்சிய வாழை மரத்தைத் தின்ன ஆரம்பித்தது. இருவரும் அதைத் தடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு தாய்லாந்து எல்லையில மாடு வாங்கிக் கொட்டகைகளுக்கு விட்டவரு," என்றார் காமினி கடைசியில். "நானும் கூடப் போவேன். கை இன்னும் மறக்க மாட்டேங்குது."

"அப்ப அந்த ஷிப்பிங்?"

"முன்ன ஒரு தடவை மாடு வரத்து நின்னப்பவே பெட்டிக்கு மாறிட்டோம். ஐஸ் பெட்டி. இந்தியாவுலேர்ந்து கன்டேனர்ல வருது."

"பீஃப்பா?"

"எருமை." காமினி நிமிர்ந்து நின்றார். "எருமை வேற, பசு வேற."

எனக்கு அந்தச் சாத்தே தாய்மாமனின் நினைப்பு வந்தது. மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை.

"உங்க கொட்டகைங்க காலியாக ஆக எங்க கன்டேனர் கூடுதுண்ணே. பாக்கப்போனா இந்த வீடே..." என்று ஆரம்பித்த காமினி, புது வீட்டுச் சுவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அது கெடக்கட்டும். இந்த மாடு எப்ப போவுது?"

"அடுத்த லோரியில."

"போகக் கூடாது. என் வீட்டுக்குள்ள வந்து நான் கும்பிட்ட மாடு. அது அறுப்புக்குப் போச்சுன்னா இந்தச் சம்பந்தம் வேணாம். நீங்க எங்க வேலை செய்யிறீங்கன்னு நான் கேக்கல. இதை மட்டும்தான் கேக்குறேன்."

நியாயமாகக் கேட்பதுபோல்தான் கேட்டார். சமையலறை ஜன்னலில் பிரமிளா நின்றுகொண்டிருந்தாள். கிஷன் அவளுக்குப் பின்னால். அப்போதும் அவனுக்கு வாய் வரவில்லை.

தங்கராஜு கைப்பேசியை எடுத்து, பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்த மாட்டை விட்டுடணுமா?" ரொஸ்னா சிரித்தாள். "எண்ணிக்கை கொறையுது கொறையுதுன்னு தினம் அழுவுறது நீதானே? இருக்கிறதையும் கோயிலுக்கு நேர்ந்துவிட்டா நான் எதை விக்கிறது?"

"நேர்ந்துவிடல முதலாளி. அங்கேயே நிக்கட்டும். வருசத்துக்கு ஒரு கன்னு போடும். கப்பல் எப்ப வரும்னு நாம பாத்துக்கிட்டு நிக்க வேணாம்."

"அப்ப மத்த பொட்டைங்களையும் விட்டுடலாமா?"

தங்கராஜு மறுபடி கன்றின் கயிற்றைச் சரிபார்த்தார். காமினி கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார்.

"ரொஸ்னா, நான் காமினி பேசுறேன். பெட்டிக் காமினி."

கைப்பேசியே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. "அல்லா! நீயா? அந்தப் பூஜை வீடு உன் வீடா? என்கிட்ட மாடு வாங்க வேண்டிய கடைங்களையெல்லாம் எருமை பக்கம் இழுத்துட்டு, இப்ப என் பசுவையும் கேக்குறியா?"

"கொஞ்சம் மெதுவா பேசு. ஆளுங்க இருக்காங்க."

"சரிலா. மாடு நிக்கட்டும். தீனி உன் செலவு. அதுக்கும் கன்னுக்கும்."

காமினி சரி என்றார். அந்தச் சரியைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, எருமைக்கும் பசுவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் ஓரளவு புரிந்தது. பிறகு மூவருமாக உள்ளே போய்த் தேதி குறித்தாயிற்று. மூன்றாவது ஆள் நான். ருக்குமணிக்கு இன்றுவரை நடந்தது முழுதாகத் தெரியாது. தான் சொன்ன பால் பண்ணையைச் சம்பந்தியம்மா மனதார நம்பிவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். நான் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்?

கல்யாணப் பத்திரிகை போன வாரம் வந்தது. பெண்ணின் தந்தை, பால் பண்ணை மேற்பார்வையாளர். மாப்பிள்ளையின் தாயார், ஷிப்பிங். முதலாவதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்தக் கொட்டகையில் இப்போது பால் கறக்கிற மாடு ஒன்று நிற்கிறது. கன்று குடித்து மிஞ்சியதைத் தங்கராஜு ஃபிளாஸ்க்கில் கொண்டுவருகிறார். ருக்குமணி அதில் காப்பி கலந்து எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். லேசாகச் செம்பனை வாசம்.

அவர் சொன்ன ஆரூடமும் பலித்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஜெலுத்தோங் பாசாருக்குப் போனால், இறைச்சிக் கடை இஸ்ஸதியின் கொக்கியில் பெயருக்கு ஒரே ஒரு தொடைதான் தொங்கியது. அதுவும் யாரோ சொல்லி வைத்ததாம்.

"ஃபிரெஷ் மாடு இல்லைக்கா. பெட்டி எறைச்சிதான். எருமை."

வாங்கிவந்து, மிளகு தூக்கலாகப் போட்டுப் பெரட்டல் வைத்தேன். கொஞ்சம் நேரமெடுத்து வெந்தாலும் ருசி பரவாயில்லை. கல்யாணத்தில் காமினியைப் பார்க்கும்போது, சரக்கு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்றிருக்கிறேன். பக்கத்தில் மகளிர் பிரிவு ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து.