ஈரம் காயாத மலை

என் அத்தான் எர்கோலே ஒரே படத்தை மூன்று வருஷமாக வரைந்துகொண்டிருந்தார். வெசூவியஸ் மலை புகைகிறது, முன்னால் பொம்பெயிக் கோயிலின் உடைந்த தூண்கள், எங்கும் அந்திச் சிவப்பு. கதவளவு துணி, மரச்சட்டத்தில் இழுத்து அடித்தது. நேப்பிள்ஸ் கண்காட்சியில் வைத்தால் பெயர் கிடைக்கும் என்று நம்பியிருந்தார்.

அந்த ஆகஸ்டில் மலை நிஜமாகவே வெடித்தது. காலையிலேயே சாம்பல் கொட்டி ஊர் இருண்டது. நெருப்புக் குழம்பு எங்கள் திராட்சைத் தோட்டத்து மேல்சுவரைத் தாண்டிய நேரத்தில்தான் நிறைமாதமாயிருந்த என் அக்கா அசுந்தாவுக்கு இடுப்புவலி கண்டது. வண்டி தேடித் தெருத்தெருவாக ஓடினேன். ஒரு கழுதைகூட மிஞ்சவில்லை.

திரும்பி வந்தால், அத்தான் படத்தின் மேல் சாக்கை விரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது.

“அக்கா அங்க துடிக்கிறா, உங்களுக்குப் படத்தைக் காப்பாத்தணுமா அத்தான்?”

“அவளை இதுல படுக்க வெச்சுத் தூக்கத்தான்டா மடையா! சட்டத்தோட குறுக்குக்கட்டை முதுகுல உறுத்தும்னு சாக்கு போடுறேன். அந்தப் பக்கம் பிடி.”

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “சாயம் இன்னும் காயலையே. என் பாவாடை பூரா ஒட்டிக்குமே?”

“ஏறு தாயே,” என்றார் அத்தான்.

தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினோம். சுடுசாம்பல் கழுத்தில் விழுந்து பொசுக்கியது. பாதி வழியில் துணி நடுவே கிழிந்தது. அக்கா மண்ணில் சரிந்தாள்.

“என்னை விட்டுடுங்க. நீங்க ரெண்டு பேராவது போங்க.”

அத்தான் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டார். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏ சான் ஜென்னாரோ! மஞ்ச மூஞ்சி! எத்தனை மெழுகுவத்தி வாங்கித் தின்னே, இப்ப தூங்குறியா?” என்று, முகத்தில் பொன் பூசிய எங்கள் காவல் புனிதரைத் திட்டிக்கொண்டே ஓடினார். நான் அழுதுகொண்டே பின்னால் தாங்கிப் பிடித்து வந்தேன்.

பொம்பெயி இடிபாடுகளின் ஓரத்தில் காவல்காரன் குடிசை. அவன் மனைவி தொனாத்தா அக்காவை உள்ளே படுக்கவைத்து, எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அக்கா அலறினாள். பிறகு அலறலும் நின்றது. அத்தான் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

“பிள்ளை நீலமா இருக்கு, மூச்சில்லை!” என்று உள்ளிருந்து தொனாத்தா கத்தினாள். அடிக்கும் ஓசை கேட்டது. மறுபடி அடி. அப்புறம் பூனைக்குட்டி போல ஒரு கீச்சுக்குரல்.

அக்கா கண் திறக்க மறுநாளாயிற்று. தண்ணீர் கேட்டாள். அத்தான் குவளையை நீட்டினார். பாதி அவள் மார்பில் கொட்டியது.

எங்கள் வீடிருந்த இடத்தில் இன்றும் நெருப்புக் குழம்பு இறுகிய கருங்கல்தான்.