மூடியை மூடிவிட்டுப் போகிற கள்ளன்

கள்ளன் யாரென்பதில் சுந்தரேஸ்வரிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ரக்கூன்தான். ஜேர்மன்காரர் வாஷ்பேர் என்று சொல்கிற, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி கட்டிய, மனிதரைப் போல விரல் வைத்த பிராணி. பீலெஃபெல்ட் நகரத்தில் அது ஏறாத கூரை இல்லை, கிளறாத குப்பைத்தொட்டி இல்லை. தோட்டத்தில் குருவிகளுக்கென்று தொங்கவிட்ட தீனிப்பெட்டியில் கச்சான் கடலை மட்டும் காலைக்குக் காலை காணாமல் போகிறதென்றால் வேறு யார் எடுப்பது?

முதலில் பழி அணிலின் மேல்தான் விழுந்தது. சிவந்த வாலைத் தூக்கிக்கொண்டு கம்பத்தில் ஏறிய அந்தக் குட்டிச் சண்டியனுக்கு அவள் நல்ல பாடம் படிப்பித்தாள். கணவாய் பொரித்துப் பொரித்துத் தேய்ந்த தாச்சிச் சட்டியின் அடியில் துளை போட்டு, கம்பத்தின் நடுவில் கவிழ்த்து மாட்டினாள். அணில் அதுவரை ஏறி, தாச்சியில் சறுக்கி, புல்லில் விழுந்து, மானம் போன கோபத்தில் மரத்துக்கு ஓடியது. யன்னலோரம் இருந்த கணவர் யோகலிங்கம் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துக் கனகாலமாகியிருந்தது. சுந்தரேஸ்வரி அழுதுவிடுவோமோ என்று பயந்து குசினிக்குள் போனாள்.

அவருக்காகத்தான் இவ்வளவு பாடும். தொழிற்சாலையில் நின்று நின்றே கால் நரம்பு புடைத்த மனிதர். இப்போது மறதி நோய். மனைவியின் பெயர் ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. ஆனால் குருவி வந்தால் மணிக்கணக்கில் யன்னலோரம் அமைதியாக இருப்பார். மஞ்சள் வயிற்றுச் சிட்டு ஒன்று வந்து கடலையைக் கொத்தினால், "வந்திட்டார்" என்று மரியாதையோடு சொல்வார். பெட்டி வெறுமையாகி, குருவி வராமல் போனால், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்.

ஒரே மகள் கவிசா அதே நகரத்து வைத்தியசாலையில் தாதி. இப்படிப்பட்ட நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள். முதியோரைப் பராமரிக்கும் நல்ல ஹைம் ஒன்றில் அப்பாவின் பெயரைப் பதிந்து வைத்திருந்தாள். அனுப்பவே மாட்டேன் என்று சுந்தரேஸ்வரி ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் தாயும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்.

"அப்பா தானாக் கதவைத் திறந்து வெளியில போகத் தொடங்கினால், பிறகு வீட்டில வச்சிருக்க ஏலாது அம்மா. அப்ப நீங்கள் மாட்டன் எண்டு சொல்லக்கூடாது."

"ஓம். கதவு எந்தப் பக்கம் இருக்கெண்டே அந்தாளுக்குத் தெரியேல்லை. அவர் எங்க போறது?" என்றாள் சுந்தரேஸ்வரி.

அணில் போன பிறகும் கடலை காணாமல் போய்க்கொண்டேயிருந்தது. ஆகவே ரக்கூனைத் துரத்துகிற வேலை அவளுடையதாயிற்று. பக்கத்து வீட்டு மக்டலீன் வேலிக்கு மேலால் யோசனை சொன்னார். ரக்கூன் இருட்டில்தான் வரும், பொழுதுபட்டதும் பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு விடிந்த பிறகு மாட்டு. சுந்தரேஸ்வரி அப்படியே செய்தாள். காலையில் கடலை நிரப்பி மாட்டிவிட்டுக் குளிக்கப் போவாள். குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால் கடலை இருக்காது. சூரியகாந்தி விதை அப்படியே கிடக்கும். பெட்டியின் மூடி ஒழுங்காக மூடியிருக்கும்.

மக்டலீனுக்கு இது விளங்கவில்லை. விடிந்த பிறகு ரக்கூன் வருவது குறைவு, அப்படி வந்தாலும் மூடியைத் திரும்ப மூடிவிட்டுப் போனதாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார்.

இது ஜேர்மன் ரக்கூன், ஒழுங்கு தெரிந்தது என்றாள் சுந்தரேஸ்வரி. மக்டலீன் சிரிக்கவில்லை. யோகலிங்கம் இருந்த யன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை சுந்தரேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. பிறத்தியார் வீட்டு யன்னலில் இவருக்கு என்ன பார்வை என்று மனதுக்குள் திட்டினாள்.

உறைப்பு குருவிகளுக்குத் தெரியாது, மற்றப் பிராணிகளுக்குத்தான் எரியும் என்றும் மக்டலீன் சொல்லியிருந்தார். அவர் நினைத்தது ஏதோ ஒரு சிட்டிகையாக இருக்கும். சுந்தரேஸ்வரியிடம் இருந்ததோ தமிழ்க் கடையில் வாங்கிய தனி மிளகாய்த்தூள். கடலையில் இரண்டு துளி எண்ணெய் விட்டு, தூளை அள்ளிக் கொட்டிப் பிரட்டினாள். "வா ராசா, வந்து சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நாள் காலை பெட்டியை நிரப்பினாள்.

விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது குசினியில் முனகல் கேட்டது. ஓடினாள். யோகலிங்கம் தண்ணீர்க் குழாயின் முன்னால் நின்றார். குழாயைத் திறக்கத் தெரியவில்லை. உதடு வீங்கி, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் எரிந்தது.

"உறைக்குது அம்மா, உறைக்குது" என்று குழந்தை மாதிரி அழுதார். அவளைத்தான் அம்மா என்றார்.

கையைக் கழுவிவிட்டாள், கண்ணைக் கழுவிவிட்டாள், வாய்க்குத் தயிர் ஊட்டினாள். அவருடைய செருப்பில் பனி ஈரத்தோடு புல் ஒட்டியிருந்தது. தோட்டத்துக் கதவு திறந்து கிடந்தது. சட்டைப்பையில் சிவப்புக் கடலை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள், அவர் தயிருக்கு வாயைத் திறந்தார். என் கையாலேயே அவர் கண்ணில் மிளகாயைப் போட்டேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மக்டலீன் யன்னலைப் பார்த்த அன்றே அவளுக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியிருந்தது. விளங்காமலிருக்கத்தான் ரக்கூன் தேவைப்பட்டது.

அழுது முடிந்ததும் செருப்பைக் கழுவினாள். நிலத்தைத் துடைத்தாள். சட்டைப்பையை உதறினாள். தோட்டத்துக் கதவைப் பூட்டி, திறப்பை அரிசி வாளிக்குள் புதைத்தாள். கவிசாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள்.

சனிக்கிழமை கவிசா வந்தாள். ஹைமில் ஓர் அறை காலியாகியிருந்தது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"அப்பான்ர கண் ஏன் சிவந்திருக்கு?"

"தடிமன். மூக்கும் அடைச்சிருக்கு."

"வெளியில எங்கயும் போகேல்லையே?"

"இல்லைப் பிள்ளை. அவர் எங்க போறது? கதிரையை விட்டு எழும்பிறதே இல்லை."

சொல்லி வாய் மூடவில்லை, யோகலிங்கம் கதிரையை விட்டு எழுந்தார். வாசலில் தொங்கிய தன் குளிர் அங்கியிடம் போய்ப் பைக்குள் கையை விட்டார். கை நிறையக் கடலையோடு கவிசாவிடம் வந்தார். பழைய கடலையும் சிவப்புக் கடலையும் கலந்து கிடந்தன.

"தங்கச்சி, ஒரு உதவி செய்வீங்களோ?" என்று கேட்டார். "இதை என்ர மகளிட்டக் குடுக்கவேணும். கவிசா எண்டு பேர். பள்ளிக்கூடத்தால வரேக்க அவளுக்குப் பசிக்கும். வேலைக்குப் போனால் நான் வர இருட்டிப் போகும்."

கவிசா இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள். பெட்டி எங்கே தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். கையிலிருந்ததில் ஒரு கடலையை எடுத்து வாயருகே கொண்டு போனாள். சிவந்த கடலை.

சுந்தரேஸ்வரி பேசாமல் இருந்திருக்கலாம். கொஞ்சம் உறைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பெற்ற வாய் கேட்கவில்லை.

"தின்னாதை பிள்ளை! அது தூள் போட்டது, நான் வாஷ்பேருக்கெண்டு..."

கவிசா கடலையை வாயில் போட்டு மென்றாள். இன்னொன்றும் எடுத்து மென்றாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"எத்தினை நாளா அம்மா?"

"தெரியேல்லை" என்றாள் சுந்தரேஸ்வரி. கதிரையில் இருந்துவிட்டாள். "திங்கட்கிழமை ஓமெண்டு சொல்லு."

யோகலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தெரியாத பெண் ஒருத்தி அழுவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. கடலை குறைந்துபோயிருந்ததையும் கவனித்தார்.

"பரவாயில்லைத் தங்கச்சி, நீங்களும் சாப்பிடுங்கோ" என்றார். "நாளைக்கும் நான் பிள்ளைக்கு எடுத்து வைக்கிறன்."