விக்காவுக்குப் பதினாறு வயது

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அழைத்தவர் சித்திரக்கதைப் பதிப்பாளர் வைகுண்டராஜ். என் மனைவி ஜெசிந்தா அவருக்காக ஒரு வெளிநாட்டுச் சித்திரக்கதையைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நூற்றிருபது பக்கப் புத்தகம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் முடித்திருந்தாள். ஏப்ரலில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாள்.

"மிச்சம் எட்டுப் பக்கம், தம்பி. நீங்க முடிச்சுத் தாறேன்னீக. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள வரணும். இல்லாட்டி முழுசையும் வேற ஆளுக்குக் குடுத்து மொதல்லருந்து எழுதச் சொல்லணும். ஒரே புத்தகத்துல ரெண்டு குரல் கேட்டா வாசகருக சும்மா விடமாட்டாக."

நான் அவளைப் போல எழுதாவிட்டால் அவள் எழுதியதும் வராது. அவ்வளவுதான் விஷயம்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: மேகமலையின் உச்சியில் மேகங்கள்

(விட்டுவிட்டேன். சின்னமனூரில் குடியிருப்பவன் மேகமலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ஜெசிந்தா ஒரு

(ஒரு என்ன? இருபது நாளாக இந்த வரி இங்கேயே நிற்கிறது. நிற்கட்டும்.)

மூன்றாவது, புத்தகத்திலிருந்து. விக்கா பேருந்தைத் தூக்குவாள். டிம்போ பறப்பான். பின்னாளில் உலகத்தைக் காப்பாற்றப்போகும் இருவரும் இதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வில்லன் கிடையாது. ஓடிவரும் தோழி ஏறட்டும் என்று, புறப்பட்ட பேருந்தின் பின்சக்கரத்தை விக்கா தூக்கிப் பிடித்துக்கொள்வாள். நனைந்த சட்டை காயட்டும் என்று டிம்போ ஊரை மூன்று சுற்றுச் சுற்றுவான். அந்தப் பக்கத்தில் ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் டீ கொட்டி, பதினெட்டாம் பக்கம் இன்னும் பழுப்பாக இருக்கிறது.

அடுத்த தொகுதிகளில் விக்கா பெரியவளாகி, ஒரு பாலத்தைத் தாங்கியபடி சாகிறாள். ஜெசிந்தா அவற்றைத் தொடவில்லை. "அந்தக் கருமத்தையெல்லாம் நீங்களே படிங்க. எனக்கு இதுக ரெண்டும் பள்ளிக்கூடம் போனாப் போதும்" என்பாள்.

3

என் முயற்சி, நூற்றுப் பதிமூன்றாம் பக்கம். டிம்போ பறந்துபோய்க் கடைப் பலகையில் முட்டிக்கொள்கிறான். விக்காவின் பேச்சுக் குமிழியில் நான் எழுதியது: "நீ கவனமாகப் பறந்திருக்க வேண்டும்."

ஜெசிந்தாவின் தங்கை ஜெபஷீலாவிடம் படித்துக் காட்டினேன்.

"மாமா, இது எழவு வீட்டுல துட்டி கேக்க வந்தவுக பேச்சு" என்றாள். பிறகு, "அக்கா வீட்டுல உக்காந்து எழுதல மாமா. விடியக்காலம் கூடலூர் போயி ஏலக்காய்க் காட்டுக்கு வேலையாளுக போற ஜீப்புல ஏறிருவா. அங்கன பொம்பளைக ஒருத்தர ஒருத்தர் வையிறதக் கேட்டுத்தான் நோட்டுல எழுதுவா."

அதிகாலைப் பூசைக்குப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

ஆறு மணி ஜீப். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேர். நான் நோட்டைத் திறந்தேன்.

"என்னா சாரு, ஆள் எண்ணி எழுதப் போறீகளா? கேஸ் போட்டீகன்னா டிரைவரப் பிடிங்க, நாங்க வேலைக்குப் போகணும்" என்றாள் எதிரே இருந்த மொக்கம்மாள்.

ஜீப் சிரித்தது. இங்கேதான் தவறு செய்தேன். ஜெசிந்தாவின் கணவன் என்று சொல்லிவிட்டேன்.

"நோட்டுக்காரப் பிள்ள வீட்டுக்காரரா? அய்யோ ஆத்தா."

சிரிப்பு நின்றது. ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒருத்தி சாப்பிட்டீர்களா என்றாள். கேலிக்கு வந்தேன்; கிடைத்தது ஆறுதல். குமுளி மலையேறும் வரை யாரும் யாரையும் வையவில்லை.

எனக்கு ஆறுதல் வேண்டாம் என்றேன். படத்தைக் காட்டினேன். "இவனை வையுங்க." என் வரியையும் படித்தேன்.

மொக்கம்மாள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"இது எந்த ஊரு வாத்தியாரு பேசுறாரு? ஏலே, மண்டைக்குள்ள காத்து இருந்தாப் பறக்கத்தானடா செய்யும்!"

"போர்டு ஒடஞ்சுச்சான்னு பாருங்கடி மொதல்ல!" என்றாள் பின்னாலிருந்து தேவயானி என்ற இளம்பெண்.

(மொக்கம்மாளை நான் மிகைப்படுத்துகிறேனோ என்று சந்தேகப்படுபவர்களுக்கு: குறைத்திருக்கிறேன். மற்றதை அச்சிட முடியாது.)

மூன்று நாள் போனேன். எழுதினேன்.

5

வியாழன் மாலை எட்டுப் பக்கத்தையும் அனுப்பினேன். வைகுண்டராஜ் அழைத்தார். "அந்தப் பிள்ள எங்கன முடிக்கிது, நீங்க எங்கன ஆரம்பிக்கிறீக? தெரியலயே. அப்படியே அச்சுக்குப் போகட்டும். கடைசிக் குமிழி மட்டும் காலியா இருக்கு."

வேண்டுமென்றே விட்டது. பள்ளிக்கூட மொட்டை மாடி. "நாளைக்கு என்ன பண்ணுவோம்?" என்கிறான் டிம்போ. விக்கா பதில் சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள்.

முடிவு அ: "நாளை என்று ஒன்று இருந்தால்." (இது நான் பேசுவது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: "ஒன் மண்டைக்கு ஒரு ஹெல்மெட் வாங்குவோம்." (ஜீப்பில் கிடைத்தது. நல்ல வரி. குமிழியில் மூன்று சொல்லுக்குத்தான் இடம்.)

முடிவு இ:

(இது உங்களுடையது. மூன்று சொல். விக்காவின் வாயில் ரொட்டி இருக்கிறது. அந்தப் பாலம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரிந்துவிடாதபடி எழுதுங்கள்.)